கெபுனுக்கு மூன்று காசு

தெலுக் பிளாங்கா மேட்டு வீட்டின்
சமையலறைத் தோட்டத்தை
இருந்தபடியே மீட்டுத் தரவேண்டும்.
ஒப்பந்தத்தில் அந்தச் சொல்தான்: இருந்தபடியே.

வரைபடம் உண்டு. எட்டுப் பாத்தி,
நடுவில் செங்கல் நடைபாதை, கிழக்கே கிணறு.
திருமதி பெல்லமியின் கணக்கேடும் உண்டு,
பூச்சி தின்ற ஓரங்களோடு
பக்கம் பக்கமாய்ப் படம் பிடித்து
என் மடிக்கணினிக்கு வந்துவிட்டது.

ஜனவரி: பட்டாணி விதைத்தேன். முளைக்கவில்லை.
பிப்ரவரி: பட்டாணி. மழை.
மார்ச்: முட்டைக்கோஸ், நாற்பது நாற்று. இலையோடு சரி.
ஏப்ரல்: அழுகல். வேறு விதை கேட்டு லண்டனுக்கு எழுதியிருக்கிறேன்.
மே மாதத்தில் ஒரே ஒரு முள்ளங்கி.
அதற்கு அடிக்கோடு.

ஆக, இருந்தபடியே என்றால்
நாங்கள் மீட்க வேண்டியது
எட்டுப் பாத்தித் தோல்வி.

கூட்டத்தில் இதைச் சொன்னேன்.
கட்டடக் கலைஞர் குவெக் சியூ ஹூன் சிரித்தார்.
பிறகு, ஆட்கள் பார்க்க வருவார்கள்,
ஏதாவது பச்சையாகத் தெரியவேண்டுமே என்றார்.
அதனால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை
கிராஞ்சியிலிருந்து லாரியில் வருகிறது
குளிரறையில் வளர்ந்த முட்டைக்கோஸ்.
தொட்டியோடு புதைத்து விளிம்பை மண்ணால் மூடுகிறோம்.
காட்டுக்கோழிகள் வந்து கிளறிக்
காட்டிக்கொடுக்கின்றன.

கிணற்றைத் தோண்டினோம். நீர் ஊறியது.
மூன்றாம் நாள் கொசு ஒழிப்பு அதிகாரி வந்தார்.
இப்போது கிணற்றுக்குள் மணல்,
மேலே கண்ணாடி,
இரவில் நீல விளக்கு.

ஏட்டின் பின்பக்கங்களை
யாரும் படிக்கச் சொல்லவில்லை. வீட்டுச் செலவு.
மண்ணெண்ணெய், சலவை, பனிக்கட்டி,
நடுவே வாரத்துக்கு இருமுறை
கெபுனிடம் கீரை, மூன்று காசு.
கெபுனிடம் கத்தரி, இரண்டு காசு.
கெபுனிடம் பாகல், மிளகாய், மறுபடி கீரை.

தன் தோட்டக்காரரிடமே
காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்
அந்தத் துரைசானி, ஐந்து வருஷம்.

கெபுன் என்றால் மலாயில் தோட்டம்.
ஆளைத் தோட்டம் என்றே கூப்பிட்டார்கள்.
தோட்டத்துக்குச் சம்பளம் ஏழு வெள்ளி.
தோட்டத்துக்குக் காய்ச்சல், நாலு நாள் பிடித்தம்.
ஜாவாவா, நாகப்பட்டினமா, பொந்தியானாக்கா,
எந்தக் கரையில் கப்பல் ஏறினார் என்று
மூன்று பெட்டி ஆவணம் கலைத்துவிட்டேன்.
தும்மல்தான் மிச்சம்.

அவருடைய பாத்தி வரைபடத்தில் இல்லை.
நிலத்தின் சரிவையும்
சமையற்கட்டுச் சாக்கடை போகும் திசையையும் வைத்து
நானே அடி வைத்து அளந்தேன்.
சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் இடம். தாருக்கு அடியில்.
சரியாகச் சொன்னால், பதினான்காம் எண் கட்டம்.
அங்கே நின்றே மின்னஞ்சல் எழுதினேன்.
'ஆவணப்படுத்தப்பட்ட பரப்புக்குள் வராது'
என்று மறுநாள் பதில்.

அறிவிப்புப் பலகை நான்கு மொழியில்.
தமிழ்ப் பகுதி அச்சுக்குப் போய்
எலும்பு முறிந்து திரும்பியது.
தோட்டம் என்ற சொல்லில்
கொம்பு தனியே, தகரம் தனியே,
கால் அடுத்த வரியில்.
மூன்று முறை ஒட்டவைத்து அனுப்பினேன்.
அது ஒருவர் பெயரும் என்பது
மூன்றாம் முறைதான் உறைத்தது.

டிசம்பர் மழைக்குப் பின்
தார் வெடித்த இடத்தில் ஒரு தண்டுக்கீரை. சிவப்பு.
பழைய விதை என்று சொல்லமாட்டேன்,
மைனா போட்டிருக்கும்.
களைப் பட்டியலில் அதற்கு எண் உண்டு, பிடுங்கவேண்டும்.

தவசீலன் பிடுங்கவில்லை. என்னைக் கேட்கவுமில்லை.
காலையில் வந்ததும் வண்டியிலிருந்து
ஓர் ஆரஞ்சுக் கூம்பை இறக்கிப்
பதினான்காம் கட்டத்தில் வைக்கிறார்.
இந்த ஊரில் கூம்பை யாரும் கேள்வி கேட்பதில்லை.
பேருந்துகள் ஒதுங்கிப் பதினைந்தில் நிற்கின்றன.

வாராந்தரப் படிவத்தில், காரணம் என்ற இடத்தில்,
பணி நடைபெறுகிறது என்றெழுதிக்
கையெழுத்துப் போடுகிறேன்.

ஆறு வாரமாகிறது. நேற்று முழங்கால் உயரம்.
கிள்ளினால் அரைக் கட்டு தேறும்.